மண்ணுக்குள் ஓடும் குழாயும் மண்ணின் பழைய கதையும்

நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகக் கூறுவது தமிழர் மரபு. பொறையுடைமையை மாணவர்க்குக் கற்பிக்கும்போது நாமும் அவ்வுவமையையே எடுத்தாளுகிறோம். ஆயினும், பொறுமை வேறு, அசையாமை வேறு. நிலம் பொறுமையுடையதே ஒழிய அசையாதது அன்று. மலைச்சரிவில் அது சிறிது சிறிதாக வழுகி இறங்குகிறது. சதுப்பை நிரவிய இடத்தில் ஆண்டுதோறும் மெல்லத் தாழ்கிறது. மழையில் களிமண் ஊறிப் பருக்கிறது, வெயிலில் சுருங்கி வெடிக்கிறது. நிலநடுக்கம் வந்தாலோ ஒரு நிமிடத்திற்குள் பல அடி தூரம் விலகிவிடுகிறது. மண்ணின் மேல் வாழும் நாம் இவ்வசைவுகளில் பெரும்பாலானவற்றை உணர்வதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் குழாயோ எல்லாவற்றையும் உணர்கிறது.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாட்காலை 8 மணிக்குச் சற்றுப் பின்னர், சிலாங்கூர் மாநிலத்தின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் மண்ணுக்குள் புதைத்திருந்த எரிவாயுக் குழாய் வெடித்தது. தீப்பிழம்பு பல மாடி உயரத்திற்கு எழுந்தது. குழாய் கிடந்த இடத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழமுள்ள பெரும்பள்ளம் உண்டாயிற்று. இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தீயை முற்றும் அணைக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. இத்தனை பெரிய தீயிலும் உடனடி உயிரிழப்பு நேராதது பெரும்பேறு என்றே கூறவேண்டும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் மக்கள் பலவாறு பேசினர். பக்கத்தில் மண் வெட்டியவர்கள் குழாயை இடித்துவிட்டார்கள் என்றனர் சிலர். குழாய் துருப்பிடித்திருக்கும் என்றனர் வேறு சிலர். மூன்று மாதம் கழித்து வெளிவந்த விசாரணை முடிவோ மண்ணையே சுட்டியது. அதனைப் பின்னர் காண்போம். முதலில், மண் நகர்வதனால் குழாய் முறிவது புதுமையன்று என்பதையும், அதனை மனிதர் எவ்வாறு படிப்படியாகக் கற்றனர் என்பதையும் வரலாற்று முறையில் நோக்குவோம். ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு கடமையும் அடங்கியுள்ளது.

தெருவிளக்கும் வார்ப்பிரும்பும்

எரிவாயுவைக் குழாயில் கொண்டுசெல்வது சீனர்க்குப் பழைய கலை. ஸிச்சுவான் மாநிலத்தில் உப்புநீர்க் கிணறுகளிலிருந்து எழுந்த வாயுவை மூங்கிற் குழாய்களின் வழியே செலுத்தி, உப்புக் காய்ச்சும் அடுப்புகளை எரித்தனர். ஐரோப்பாவில் இத்தொழில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வளர்ந்தது. 1807இல் இலண்டன் மாநகரின் பால்மால் வீதியில் வாயு விளக்குகள் எரிந்தன. அது நிலத்திலிருந்து கிடைத்த இயற்கை வாயு அன்று. நிலக்கரியைச் சூளையிலிட்டு வடித்த வாயு. 

நம் பகுதிக்கும் அத்தொழில் விரைவிலேயே வந்தது. சிங்கப்பூரில் காலாங் வாயுத் தொழிற்சாலை 1862இல் தோன்றிற்று. 1864இல் அந்நகரத் தெருக்களில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. அக்காலத்துக் குழாய்கள் வார்ப்பிரும்பாலானவை. ஒரு குழாயின் அகன்ற வாயில் மற்றொரு குழாயின் முனையைச் செருகி, சணலும் ஈயமும் அடைத்து மூட்டுவர். வார்ப்பிரும்பு துருவை நன்கு தாங்கும்; ஆனால் வளையாது. சற்று வளைத்தால் மண்சட்டிபோல் உடையும். சற்று இழுத்தால் மூட்டுக் கழன்றுவிடும். வாயுவின் அழுத்தம் மிகக் குறைவாக இருந்தமையாலும், நகரம் சிறிதாக இருந்தமையாலும் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அது பெரிதாகத் தோன்றிய நாளும் வந்தது.

1906: சான் பிரான்சிஸ்கோ கற்பித்த முதற்பாடம்

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் கலிபோர்னியாவின் சான் அந்திரேயாஸ் நிலப்பிளவு நழுவியது. பிளவின் இரு பக்கத்து நிலமும் சில இடங்களில் 6 மீட்டர்வரை ஒன்றையொன்று விலகி நகர்ந்தன. சான் பிரான்சிஸ்கோ நகரில் நிலம் நடுங்கியதைவிடப் பின்னர் மூண்ட தீயே பெருங்கேடு விளைத்தது. மூன்று நாள் எரிந்த தீயில் ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. இறந்தோர் 3,000க்கு மேல் என்பது இன்றைய மதிப்பீடு.

எரிவாயுக் குழாய்கள் முறிந்து தீக்கு உணவளித்தன; அதே வேளையில் தண்ணீர்க் குழாய்களும் முறிந்து, தீயை அணைக்க வந்தவர்கள் வறண்ட குழாய்வாய்களைக் கண்டு திகைத்தனர். நகரத்தின் பெரிய தண்ணீர்க் குழாய்களில் மட்டும் 300 இடங்களுக்கு மேல் முறிவு. வீடுகளுக்குச் செல்லும் சிறு குழாய்களில் 23,000 இடங்களுக்கு மேல். வாயுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒரே மண்ணில் அருகருகே கிடப்பவை. ஆகவே ஒன்றுக்கு நேர்ந்தது மற்றதற்கும் நேர்ந்தது.

இதில் கருதத்தக்கது யாதெனின், முறிவுகள் நகரமெங்கும் ஒரேபடித்தாகப் பரவியிருக்கவில்லை. பாறையின் மேலும் கெட்டித்தரையின் மேலும் கிடந்த குழாய்கள் பெரும்பாலும் தப்பின. ஓடைகளையும் உப்பங்கழியையும் கடலோரத்தையும் மண்ணும் குப்பையும் கொட்டி நிரவி, அவற்றின் மேல் தெருக்கள் அமைத்த இடங்களிலேயே முறிவுகள் குவிந்தன. வெலன்சியா தெருவில் ஒரு பகுதி பழைய நீர்நிலை ஒன்றின் மேல் போடப்பட்டது. அங்கு நிலம் குழைந்து சுமார் 2 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தது. நான்கு மாடி விடுதி ஒன்று மண்ணில் அமிழ்ந்தது. தெருவின் அடியில் சென்ற பெரிய தண்ணீர்க் குழாய்கள் அறுந்தன. நகரமக்கள் அந்நீர்நிலையை மறந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. நிலம் அதனை மறக்கவில்லை.

நகரத்திற்கு வெளியே பிலார்சிட்டோஸ் என்னும் இரும்புத் தண்ணீர்க் குழாய் நிலப்பிளவைப் பலமுறை குறுக்கிட்டுச் சென்றது. அதன் நிலை மேலும் வியப்பானது. ஓரிடத்தில் குழாய் இருபுறமும் இழுக்கப்பட்டு அறுந்து கிடந்தது. வேறோரிடத்தில் ஒரு துண்டு மற்றொன்றினுள் நுழைந்து நசுங்கிக் கிடந்தது. ஒரே பிளவு, ஒரே குழாய், ஒரே நொடி. ஆயினும் முறிந்த விதம் இரண்டு. பிளவைக் குழாய் எந்தக் கோணத்தில் கடந்தது என்பதே வேற்றுமைக்குக் காரணம். ஆண்ட்ரூ லாசன் என்னும் நிலவியல் அறிஞரின் தலைமையில் அமைந்த குழு 1908இல் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தது.

குழாய் எவ்வாறு முறிகிறது?

இவ்விடத்தில் சிறிது நின்று, குழாயின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் நலம்.

புதைத்த குழாயை மண் எப்பக்கமும் பற்றிக்கொண்டுள்ளது. ஆகவே மண் நகர்ந்தால் குழாயும் உடன் நகர்ந்தாக வேண்டும். முழுப்பகுதியும் ஒரே அளவாக நகர்ந்தால் குழாய்க்குத் தீங்கில்லை. ஒரு பகுதி நகர்ந்து, அடுத்த பகுதி நின்றால்தான் தீங்கு. அவ்வெல்லைக்கோட்டில் குழாய் இழுபடும், அல்லது அமுங்கும், அல்லது வளையும்.

நிலநடுக்கத்தின்போது நிலம் அதிர்வது ஒன்று. நிலம் நிலையாக இடம் பெயர்ந்துவிடுவது வேறொன்று. நல்ல எஃகுக் குழாய் அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். நிலச்சரிவு, நிலப்பிளவின் நழுவல், மணல் நீர்போற் குழைந்து பரவுதல், நிரவிய மண் தாழ்தல் என்னும் நிலையான பெயர்ச்சிகளே அதன் பெரும்பகை.

எஃகு இழுவிசையை நன்கு தாங்கும் உலோகம். 10 மீட்டர் நீளக் குழாய் சுமார் 2 செண்டிமீட்டர் நீளும்வரை, விட்டவுடன் பழைய நிலைக்கு மீளும். அதற்கு மேல் இழுத்தால் மீளாது நீளும். எனினும் உடனே அறுந்துவிடாது. நல்ல எஃகு இன்னும் பன்மடங்கு நீண்ட பின்னரே அறும். ஆனால் குழாய் ஒரே துண்டாக வார்த்தது அன்று. பல துண்டுகளைப் பற்றவைத்து இணைத்தது. பற்றவைத்த மூட்டு எஃகைவிட வலுக்குறைந்ததாயின் நீட்சி முழுவதும் அம்மூட்டிலேயே குவியும், மூட்டு அறும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே என்பதற்கு இது தக்க சான்று.

அமுக்குவிசை இன்னும் கொடியது. குழாயின் சுவர் அதன் விட்டத்தை நோக்க மிக மெல்லியது. இருமுனைகளிலிருந்தும் அமுக்கினால், இழுக்கும்போது தாங்கியதில் சிறுபங்கு அளவிலேயே சுவர் சுருக்கம் விழுந்து மடியும். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் தள்ளும்போது விழும் மடிப்பை ஒத்தது அது. அம்மடிப்பில் வெடிப்புத் தோன்றின் வாயு வெளியேறும்.

மூன்றாவது ஒன்றுண்டு, அது ஓசையின்றி வருவது. குழாயின் அடியிலுள்ள மண் இளகித் தாங்குதலை விட்டுவிட்டால், குழாய் பாலம்போல் அந்தரத்தில் நிற்கும். அதன் மேல் மண்ணின் பளுவும் பிறவும் ஏறி இறங்குந்தோறும் குழாய் சிறிது வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிவதை மாணவர் அறிவர். அங்ஙனமே பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்த குழாய், வலுமிக்க அதிர்ச்சி எதுவும் இன்றியே, ஒருநாள் மூட்டில் வெடிக்கக்கூடும்.

1971க்குப் பின்: கணக்கு பிறந்தது

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பற்றவைத்த எஃகுக் குழாய்கள் வழக்கிற்கு வந்தன. மிகுந்த அழுத்தத்தில், மிகத் தொலைவுக்கு, இயற்கை எரிவாயுவை அனுப்ப அவை உதவின. அழுத்தம் உயர்ந்ததனால் முறிவின் விளைவும் உயர்ந்தது. பழைய வார்ப்பிரும்புக் குழாய் உடைந்தால் வாயு கசியும். உயரழுத்த எஃகுக் குழாய் கிழிந்தால் மண்ணையே வாரி எறியும்.

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் தென் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோவில் நிலநடுக்கம் நேர்ந்தது. 1930ஐ ஒட்டிப் பழைய முறையில் பற்றவைத்த வாயுக் குழாய் பற்பல இடங்களில் மூட்டுக்களில் அறுந்தது. பொறியியலாளர் இதனைத் துருவி ஆராய்ந்தனர். 1975இல் நேத்தன் நியூமார்க், வில்லியம் ஹால் என்னும் இருவர், நிலப்பிளவைக் கடக்கும் குழாய் எவ்வளவு பெயர்ச்சியைத் தாங்கும் எனக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர்.

அவர்கள் வழியிற் பிறந்த விதிகள் எளியவை. பள்ளி மாணவர்க்கும் விளங்குவன. பிளவைக் கடக்கும் கோணத்தை, நிலம் நழுவும்போது குழாய் அமுங்காமல் இழுபடும் வகையில் தேர்ந்துகொள்; எஃகு இழுவிசையைத் தாங்கும். அவ்விடத்தில் குழாயை ஆழப் புதைக்காதே. அகன்ற அகழியில் இளகிய மணலிட்டு மூடு. மண் இறுகப் பற்றாவிடில் குழாய் தன் நீட்சியை நெடுந்தூரத்திற்குப் பகிர்ந்துகொள்ளும். பிளவின் அருகே வளைவுகளையும் அசையாத் தூண்களையும் வைக்காதே. சுவரைத் தடிப்பாக்கு, மூட்டை எஃகினும் வலிதாக்கு. சுருங்கக் கூறின், நிலத்தோடு மல்லுக்கு நிற்காதே, இணங்கிச் செல் என்பதே இவ்விதிகளின் பிழிவு.

1989, 1994: பழைய தவறும் புதிய சான்றும்

1906இன் பாடத்தைக் கற்ற சான் பிரான்சிஸ்கோ, தீயணைப்பிற்கென்று தனி நீர்க்குழாய் அமைப்பை நிறுவிற்று. நிரவிய நிலப்பகுதிகளை நோயுற்ற பகுதிகளெனக் குறித்து, அவற்றைத் தனியே அடைத்துவிடும் அடைப்பான்களையும் வைத்தது. ஆனால் அதே நகரம், அழிவிலிருந்து மீண்டதைக் கொண்டாட 1915இல் பெரும் பொருட்காட்சி நடத்தியபோது, கடலோரத்துக் கழிமுகம் ஒன்றை மணலால் நிரவிப் பொருட்காட்சித் திடலாக்கியது. பின்னர் அத்திடலில் வீடுகள் எழுந்தன. அதுவே மரீனா வட்டாரம்.

1989ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதன் மையம் நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில். அத்துணைத் தொலைவிலிருந்தும் அது மரீனாவின் நிரவிய மணலைக் குழைத்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தண்ணீர்க் குழாய்கள் முறிந்தன, வாயுக் குழாய்களும் சிதைந்தன, தீயும் மூண்டது. குழாயில் நீரின்றி, தீயணைப்புக் கப்பல் ஒன்று கடல்நீரை இறைத்துக் கொடுத்ததால் தீ அடங்கிற்று. சிதைந்த பழைய வாயுக் குழாய்களைச் செப்பனிடுவது வீண் எனக் கண்டு, அவற்றிற்கு மாற்றாக வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் குழாய்களை இட்டனர். ஒரு பேரழிவை மறக்காதிருக்கச் செய்த விழாவே அடுத்த அழிவிற்கு இடம் அமைத்தது. வரலாறு கற்பிப்போர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

ஐந்தாண்டு கழியுமுன், 1994 சனவரி 17ஆம் நாள் விடியுமுன் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் நேர்ந்தது. பால்போவா என்னும் அகன்ற வீதியின் அடியில் பல குழாய்கள் ஒன்றன் அருகில் ஒன்றாகச் சென்றன. அங்கு நிலம் ஒரு பக்கமாகப் பெயர்ந்து, வீதியின் ஒரு முனையில் பிளந்தும் மறுமுனையில் குவிந்தும் போயிற்று. 1930இல் இட்ட 22 அங்குல வாயுக் குழாய் ஒரு முனையில் இழுபட்டு அறுந்தது. மறுமுனையில் அமுங்கி மடிந்து கிழிந்தது. 1906இல் பிலார்சிட்டோஸ் குழாயிற் கண்ட இரண்டு முறிவும் இங்கே ஒரே வீதியில் தோன்றின. பெரிய தண்ணீர்க் குழாய்களும் முறிந்து வீதி வெள்ளக்காடாயிற்று. வெள்ளத்தில் நின்றுபோன தன் ஊர்தியை ஓட்டுநர் ஒருவர் முடுக்கியபோது எழுந்த பொறி, பரவியிருந்த வாயுவைப் பற்றவைத்தது. தண்ணீர் தேங்கிய வீதியின் நடுவே தீ எழுந்து, ஐந்து வீடுகள் எரிந்தன.

ஆயினும் அதே வீதியில், அதே பெயர்ச்சிக்கு ஆளான புதிய எஃகுக் குழாய்கள் முறியவில்லை. அவை தற்கால மின்வில் முறையில் நன்கு பற்றவைக்கப்பட்டவை. நிலம் ஒன்று, பெயர்ச்சி ஒன்று, மூட்டின் தரம் வேறு, ஆதலின் முடிவும் வேறு. இயற்கையே நடத்திக் காட்டிய சோதனை என்று இதனைக் கூறலாம்.

சரியாக ஓராண்டு கழித்து, 1995 சனவரி 17ஆம் நாள் காலை 5.46க்கு ஜப்பானின் கோபே நகர் குலுங்கிற்று. அங்கும் இதே முடிவு. பற்றவைத்த எஃகுக் குழாய்களும் பாலிஎத்திலீன் குழாய்களும் பெரும்பாலும் தாங்கின. திருகி மூட்டிய பழைய சிறு குழாய்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் கழன்றன. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு வாயுவை நிறுத்தவேண்டியதாயிற்று. மீண்டும் முற்றும் வழங்க ஏப்ரல் மாதம்வரை ஆயிற்று. நகரை வட்டங்களாகப் பிரித்து, கேடுற்ற வட்டத்தை மட்டும் விரைந்து அடைக்கும் முறையும், அதிர்ச்சி கண்டவுடன் தானே அடைத்துக்கொள்ளும் அளவைக்கருவியும் ஜப்பானில் விரிவாகப் பரவ இந்நிகழ்ச்சி தூண்டுகோலாயிற்று.

நிலத்தைக் கேட்டுச் செய்த குழாய்

தோல்விகளையே கூறிக்கொண்டிருத்தல் முறையன்று. வெற்றி ஒன்றையும் கூறுவோம். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய் 1977இல் ஓடத் தொடங்கியது. நீளம் 1,287 கிலோமீட்டர். விட்டம் 48 அங்குலம். அது டெனாலி என்னும் நிலப்பிளவைக் கடக்கவேண்டும். கட்டுவதற்கு முன்னரே நிலவியலாளர் அப்பிளவின் பழைய நழுவல்களை ஆராய்ந்து, ஒருமுறை 20 அடி பக்கவாட்டிலும் 5 அடி மேல்கீழாகவும் பெயரலாம் எனக் கணித்தனர். அவ்விடத்தில் குழாயை மண்ணில் புதைக்காமல், தரைமேல் அகன்ற தாங்கிகளின் மீது, இடம்வலமாக நழுவும்படி வைத்தனர்.

2002 நவம்பர் 3ஆம் நாள் 7.9 அளவுள்ள நிலநடுக்கத்தில் அப்பிளவு குழாயின் அருகே சுமார் 14 அடி நழுவியது. குழாய் தன் தாங்கிகளின் மேல் நழுவிச் சென்றது. சில தாங்கிகள் சேதமுற்றன. எண்ணெய் ஒரு துளியும் சிந்தவில்லை. இது வாயுக் குழாயும் அன்று, புதைத்த குழாயும் அன்று. ஆயினும் நிலத்தின் பழைய கதையை முதலிற் கேட்டறிந்து, பின்னர் குழாயிட்டதன் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

நம் நாட்டில்

நிற்க. மலேசியா பெரிய நிலப்பிளவுகளின் மேல் அமைந்த நாடன்று. ஆதலின் இப்பாடம் நமக்கு எதற்கு என வினவலாம். நிலநடுக்கம் இன்றியும் நிலம் நகரும் என்பதே விடை.

திரெங்கானுக் கடலில் கிடைக்கும் வாயுவைத் தீபகற்பமெங்கும் வழங்கும் குழாய்த் தொடர் 1980களில் தொடங்கி, இன்று 2,500 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ளது. 1992இல் மலேசிய வாயு குழாய் வழியே சிங்கப்பூருக்கும் சென்றது. கிழக்கு மலேசியாவில் சபாவின் கிமானிஸிலிருந்து சரவாக்கின் பிந்துலுவரை சுமார் 500 கிலோமீட்டர் குழாய், மழைமிக்க மலைநாட்டின் ஊடே இடப்பட்டது. 2014 ஜூன் மாதத்தில் லாவாஸ் பகுதியில் அது வெடித்தது. 2022 செப்டம்பரில் மண் நகர்ந்ததனால் மீண்டும் அதில் கசிவு நேர்ந்து, பிந்துலுவின் திரவ வாயு ஏற்றுமதியும் தடைப்பட்டது. மலையும் மழையும் சேர்ந்தால் நிலநடுக்கத்தின் வேலையை மெல்லச் செய்து முடிக்கும்.

புத்ரா ஹைட்ஸில் மலைச்சரிவும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. 2025 ஜூன் 30ஆம் நாள் வெளியிடப்பட்ட விசாரணை முடிவின்படி, பற்றவைத்த மூட்டு விதிமுறைக்கு உட்பட்டே இருந்தது. ஆனால் அடியிலிருந்த மண் நீர் மிகுந்து தாங்குதிறன் குன்றியது. குழாய் தன் முதலிடத்திலிருந்து கால் மீட்டருக்குச் சற்று அதிகமாக விலகியிருந்தது. மீண்டும் மீண்டும் ஏறி இறங்கிய சுமையால் மூட்டுத் தளர்ந்து முறிந்தது. நாசவேலைக்கு அறிகுறி இல்லை என்றும் கூறப்பட்டது. நாம் மேலே மூன்றாவதாகக் கூறிய, ஓசையின்றி வரும் முறிவு இதுவே. மூட்டு நன்றாக இருந்தும் குழாய் முறிந்தது என்பதே இதிலுள்ள புதிய எச்சரிக்கை. பால்போவாவின் பாடம் மூட்டைப் பார் என்றது. புத்ரா ஹைட்ஸின் பாடம் மூட்டின் அடியிலுள்ள மண்ணையும் பார் என்கிறது.

வெடித்த இடத்தை அடுத்த சிற்றூரின் பெயர் கம்போங் குவாலா சுங்கை பாரு. புதிய ஆற்றின் முகத்துவாரம் என்பது அதன் பொருள். பெயர் ஒன்றைக் கொண்டு காரணத்தை மெய்ப்பித்தல் இயலாது. அவ்வாறு செய்தல் அறிவுடைமையும் ஆகாது. ஆயினும், நீரைச் சொல்லும் ஊர்ப்பெயர் கேட்கும்போது, இம்மண் எத்தகையது, இங்கே முன்பு யாது இருந்தது என்னும் வினா நம் உள்ளத்தில் எழவேண்டாவா?

இக்கருத்தை எனக்கு முதலிற் கற்பித்தது பொறியியல் நூலன்று, ஒரு சுவர். யான் பணியாற்றும் தோட்டப் பள்ளியின் ஒரு வகுப்பறைச் சுவரில் மழைக்காலந்தோறும் ஒரே இடத்தில் வெடிப்புத் தோன்றும். பூசினால் மறையும், அடுத்த மழையில் மீண்டும் தோன்றும். ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியான மூதாட்டி ஒருவர் அதனைப் பார்த்து, "ஐயா, இதுவரைக்கும் மேட்டுக்காடு; இதுக்கு அப்பால் பள்ளக்காடு. அந்தக் காலத்தில் இங்கே ஓடை இருந்தது, நிரவிட்டாங்க" என்றார். வெடிப்பு நின்ற கோடும் அவர் கை காட்டிய கோடும் ஒன்றே. வரைபடத்தில் இல்லாத ஓடை அவர் நினைவில் இருந்தது.

அத்தகைய நினைவுகள் இன்று விரைந்து மறைந்து வருகின்றன. ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பள்ளக்காடு, ஆற்றோரம், சேற்றுநிலம் என்று ஒவ்வோர் அடியையும் பெயர் சொல்லி அறிந்திருந்த மக்கள் நகரங்களுக்குப் பிரிந்து போயினர். புதிய வீட்டில் குடியேறுவோர்க்குத் தம் வாயிலின் அடியில் யாது இருந்தது என்று சொல்ல ஆளில்லை. இது பொறியியல் இலாகா மட்டும் தீர்க்கும் குறையன்று. வரலாறு கற்பிப்போரும் பங்குகொள்ள வேண்டிய பணி.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்

செலவில்லாத சோதனை ஒன்றை வகுப்பில் செய்து காட்டலாம். இரு தட்டையான பலகைகளை அருகருகே வைத்து, ஓரம் அடைத்து, ஈர மணல் பரப்புக. இரண்டையும் கடந்து செல்லுமாறு காகித உறிஞ்சுகுழல் ஒன்றை மணலிற் புதைக்க. பலகைகளை மெல்லப் பிரித்தால் குழல் இழுபடும், நெருக்கினால் மடியும். பின்னர் குழலைச் சுற்றி ஈர மணலுக்கு மாற்றாக உலர்ந்த மணலிட்டுச் செய்து பார்க்க. இளகிய மண் குழலை விட்டுக்கொடுப்பதை மாணவர் கண்ணாற் காண்பர்.

அதன்பின் மாணவர்களிடம் ஒரு பணி கொடுக்க. தம் ஊரின் பழைய ஓடை, குளம், சதுப்பு, ஈயச்சுரங்கக் குட்டை ஆகியன எங்கே இருந்தன என்று பாட்டன் பாட்டியரிடம் கேட்டு வரைபடம் எழுதச் செய்க. எரிவாயுக் குழாய் செல்லும் இடங்களில் எச்சரிக்கைக் கம்பங்கள் நடப்பட்டிருப்பதையும், அங்கே மண் வெட்டுவதோ மண் கொட்டுவதோ கூடாது என்பதையும், நிலம் தாழ்ந்தோ வெடித்தோ நீர் தேங்கியோ கண்டால் பெரியோர்க்கும் உரியோர்க்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும் கற்பிக்க. உயரழுத்தக் குழாயிற் செல்லும் வாயுவிற்கு மணமூட்டாத இடங்களும் உண்டு. ஆதலின் மூக்கை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

இன்று குழாயினுள் கருவி செலுத்தி அதன் வளைவை அளக்கிறார்கள். வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து நிலத்தின் சிறு தாழ்வையும் கண்டறிகிறார்கள். இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும் எங்கே அளப்பது என்பதை முடிவு செய்ய, அங்கே முன்பு யாது இருந்தது என்பதை யாரேனும் சொல்லவேண்டும். வெலன்சியா தெருவில் அதனைச் சொல்ல ஆளில்லாமற் போயிற்று. நம் ஊரில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக.